லெபனானின் ஒரேயொரு இந்து

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஞாபக மறதி என்று நினைத்துவிட வேண்டாம். உதவாத விஷயங்களில் என் ஞாபகம் மகா கெட்டி. எண்பதுகளின் நடுவில் லுசேர்ணில் ஏரிக்கரை ஹொட்டேலொன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதன் சமையலறைக் கதவு எத்தனையாவது தள்ளலில் திறக்கும் என்பதுகூட நினைவிருக்கிறது. மூன்றாவதில். இரண்டாவது தள்ளலில், தட்டோடு மறுபக்கத்திலிருந்து வருகிறவர் உங்கள் மூக்கை உடைப்பார். இவருடைய பெயர் தெரியாததற்குக் காரணம், இவருக்குப் பெயர்கள் கூடிப்போனதுதான்.

மரக்கறி வெட்டிய போர்த்துக்கீசப் பெண்ணுக்கு அவர் ஜோர்ஜ். பெரிய சட்டிகளைத் தேய்த்த துருக்கிக்காரருக்கு ஹசன். தலைமைச் சமையற்காரர் ஆட்களின் பெயரை மனனம் செய்கிறவர் அல்ல, வந்த இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆகவே அவருக்கு இவர் பெய்ரூட். நான் சிலோன். என்னோடு வேலை செய்த சிவமும் சிலோன். "சிலோன்" என்று கத்தினால் ஒன்றில் இரண்டு பேரும் ஓடுவோம், அல்லது இரண்டு பேரும் ஓடமாட்டோம்.

முதல் நாள் நான் பெயரைக் கேட்டேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு எது வசதி?" என்று கேட்டார்.

நாங்கள் பேசியது அடுக்களை ஜெர்மன். அதில் மொத்தம் ஒரு டசின் வினைச்சொற்கள், அவற்றில் பாதி கழுவுவது பற்றியவை. அதை இங்கே எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். லெபனான்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்தான் போலக் கதைப்பதாகத் தோன்றினால் குற்றம் என்னுடையது.

சிவத்தைவிட எனக்கு இரண்டு வயது கூட. அவன் என்னை "அண்ணை" என்று கூப்பிடுவதை ஒரு கிழமை கவனித்துவிட்டு அவர் வந்து கேட்டார்.

"அண்ணை எண்டது உன்ரை பேரோ?"

"இல்லை. வயசு கூடின ஆளை அப்பிடிச் சொல்லுறது."

"கிறிஸ்தவச் சொல்லோ, முஸ்லிம் சொல்லோ?"

"உதில அதெல்லாம் இல்லை. ஆரையும் சொல்லலாம். பஸ் கொண்டக்டரையும் சொல்லலாம்."

கத்தியைக் கீழே வைத்து யோசித்தார். "அப்ப எனக்கு அது" என்றார், கடையில் சப்பாத்துத் தெரிவு செய்கிறவர் போல. அன்றிலிருந்து அவர் அண்ணை. நான் பதவி இழந்தேன். சிவம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினான், இன்றுவரை அந்த மரியாதை திரும்பி வரவில்லை.

அண்ணைக்கு நாற்பது வயதிருக்கும். அகலமான தோள், சின்னப் பாதங்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தி, பின்கதவுக்குப் பக்கத்தில், முதுகைச் சுவருக்குக் கொடுத்து நின்றபடி சாப்பிடுவார். ஊழியர் விடுதியில் வாரத்துக்கு ஒருமுறை கட்டில் மாற்றுவார். ஒரு வாரம் யன்னலால் குளிர் வருகிறது என்பார், மறுவாரம் குளிர் போதவில்லை என்பார். சிவத்தின் குறட்டையைச் சாட்டி ஒருமுறை என் கட்டிலுக்கு வந்தார். நான் அவருடைய கட்டிலுக்குப் போனேன். சிவத்துக்கு அது இன்னும் கிட்ட.

மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை எங்களுக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு. விடுதிக்கும் ஹொட்டேலுக்கும் நான்கு நிமிட நடை. அந்த நான்கு நிமிடத்துக்கு அண்ணையிடம் ஆறு வழிகள் இருந்தன. ஒன்று மரப்பாலத்தை இரண்டு தரம் கடக்கும். இன்னொன்று ஒரு தேவாலயத்துக்குள் முன்வாசலால் புகுந்து பக்கவாசலால் வெளிக்கிடும். ஒருநாள் கம்பீரமாக அவரோடு சேர்ந்து போய், இருபது நிமிடம் பிந்தி, தலைமைச் சமையற்காரரிடம் லுசேர்ண் மொழியில் ஏச்சு வாங்கினேன். எந்த ஜெர்மன் வகுப்பிலும் கிடைக்காத சொற்கள் அன்று கிடைத்தன.

"ஆர் அண்ணை உங்களைத் துரத்துகினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகேன் உந்தச் சுத்து?"

"சுத்துறபடியால்தான் ஒருத்தரும் இல்லை."

இந்தத் தர்க்கத்தை உடைக்க நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஒருமுறை ஷாஃப்ஹவுசனிலிருந்து ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். புதிதாக ஊரிலிருந்து வந்தவர். சிவமும் நானும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, அன்பாக விசாரித்தோம்.

"ஊரில எவடம்?"

சொன்னார்.

"கோயிலுக்கு இஞ்சாலயோ, அங்காலயோ?"

"கொஞ்சம் அங்கால."

"ஆரின்ரை மோன்? தகப்பன் என்ன செய்தவர்?"

எங்கள் ஊரில் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். சாதியை நேரே கேட்பது நாகரிகமில்லை, ஆகவே கோயிலைக் கேட்போம். அது முடிந்ததும் சிவம் அடுத்ததைக் கேட்டான். அந்த நாட்களில் எங்கள் பொடியள் பல இயக்கங்களாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுடத் தொடங்கியிருந்தார்கள். "அப்ப, நீர் எந்தப் பக்கம்?" வந்தவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

அண்ணை கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் கேட்டார்.

"அந்த மனுசன் என்ன செய்தவன்?"

"ஒண்டுமில்லை அண்ணை. சும்மா கதைச்சனாங்கள்."

"நீங்கள் கதைக்கேல்லை. மறிச்சு வைச்சு விசாரிச்சனீங்கள். எங்கட ஊரில அதுக்கு மண்மூட்டையும் துவக்கும் வேணும். நீங்கள் தேத்தண்ணியோட செய்யிறியள்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிவம் கோப்பையை எடுத்துப்போய் ஊற்றினான்.

இனி நான் செய்த கெட்டித்தனத்துக்கு வருகிறேன்.

ஒரு இலையுதிர்கால மத்தியானம் ஹொட்டேல் அலுவலகப் பெண் எங்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொரு படிவம் கொண்டுவந்தாள். நகரசபைக்குப் போகவேண்டியது. அன்றைக்கே நிரப்பிக் கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து வேலை செய்ய முடியாது என்றாள். எனக்கு அப்போது இரண்டு மாத ஜெர்மன் இருந்தது. ஆகவே நான்தான் மூன்று பேருக்கும் சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர், ஆலோசகர். அண்ணையின் பெயர்ப் பெட்டியில் அவர் சொன்ன இன்னொரு புதிய பெயரை, முகத்தில் ஒரு சலனமுமின்றி எழுதினேன். பிறந்த ஊர், பிறந்த வருடம். பிறகு ஒரு சின்னப் பெட்டி. சமயம்.

"இதில என்ன போட அண்ணை?"

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அதை விடு."

"விட ஏலாது. எல்லாப் பெட்டியும் நிரப்பவேணுமாம்."

"அப்ப நான் வேலையை விடுறன்" என்றார், மேலங்கியைக் கழற்றியபடி.

அவரைப் பின்கதவில் பிடித்தேன். அந்தப் பெட்டி சும்மா வரிக்காகத்தான், கத்தோலிக்கன் என்றால் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சம்பளத்தில் கொஞ்சம் போகும், மற்றவன் என்றால் மற்றக் கோயிலுக்கு, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை, இந்த நாட்டில் இதற்காக ஒருவரும் கோபிக்கக்கூட மாட்டார்கள் என்று விளக்கினேன்.

"எங்கட நாட்டிலயும் முதல்ல கணக்கெடுக்கத்தான் எழுதினவை" என்றார். "எங்கட அடையாள அட்டையில இதே பெட்டி இருக்கு. பிறகு வீதியில மறிச்சு நிண்டவை வேற ஒண்டையும் பாக்கேல்லை. படத்தைப் பாக்கேல்லை, பேரைப் பாக்கேல்லை. இந்தப் பெட்டியைத்தான் பாத்தவை."

அவரைச் சமாதானப்படுத்த என் வீரக்கதையைச் சொன்னேன். கொழும்பில் கலவரம் தொடங்கிய நாள் நான் ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாதாரணமாகத் திருநீறு பக்கம் போகாதவன். அன்று பார்த்து, வேலை கிடைக்கவேண்டுமே என்று நெற்றி முழுக்கப் பூசியிருந்தேன். பஸ்ஸை மறித்துத் தமிழரைத் தேடுகிறார்கள் என்றதும் லேஞ்சியை எச்சிலில் நனைத்து நெற்றியைத் துடைத்தேன். நெற்றி துப்புரவாகிவிட்டது. இப்போது லேஞ்சி வெள்ளை வெளேரென்று திருநீறு. அதை விழுங்கலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். கடைசியில் அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். கடவுள் என்னை மேலிருந்து காப்பாற்றினாரா, கீழிருந்து காப்பாற்றினாரா என்று இன்றுவரை தெரியாது.

அண்ணையின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அந்த அசைவுதான் என்னைக் கெடுத்தது. பகிடி ஒன்று எடுபட்டால் அடுத்ததை அடக்கிவைக்க எனக்குத் தெரியாது.

"அண்ணை, உங்கட நாட்டில இந்து ஆக்கள் ஆரையேனும் சுட்டிருக்கினமோ?"

"இந்து எங்க இருக்கு அங்க?"

"இந்துக்கள் ஆரையேனும் மறிச்சிருக்கினமோ?"

"விசரோ உனக்கு?"

"அப்ப இந்து எண்டு போடுவம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஒரு மனிதர் சிரித்து குளிர்சாதன அறைக் கதவு அதிர்ந்ததை அன்றுதான் கேட்டேன். நான் கொட்டை எழுத்தில் எழுதினேன். அவர் கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணை கட்டில் மாற்றுவதை நிறுத்தினார். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, அதே யன்னலோரக் கட்டில். ஆறு வழிகள் மூன்றாகி, இரண்டாகின. தைப்பொங்கலன்று விடுதியில் மின்னடுப்பில் பொங்கினோம். பால் பொங்கவில்லை, அடிப்பிடித்தது. நிலத்தில் பேப்பர் விரித்து நாங்கள் உட்கார, அண்ணை வழக்கம்போலத் தட்டோடு கதவடிக்குப் போனார். போனவர் திரும்பி வந்து எங்களோடு சப்பாணி கட்டி உட்கார்ந்தார். முதுகு கதவுக்கு. சிவம் என்னை முழங்கையால் இடித்தான். இரண்டு பேரும் கவனிக்காத மாதிரிச் சாப்பிட்டோம்.

"இந்துவா இருக்கிறது சுகம்" என்றார் அண்ணை. "ஆனா உங்கட சாப்பாடு கருகல்."

பெப்ரவரியில் தலைநகர் பேர்னிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய அகதி விண்ணப்பம் பற்றி இரண்டாவது விசாரணை. முதல் விசாரணையில் சமயம் சொல்ல மறுத்தவர், இப்போது நகரசபையில் இந்து என்று பதிந்திருக்கிறார், லெபனான்காரர்தானா என்பதே சந்தேகமாயிருக்கிறது, விளக்கம் தரவும். இந்த நாட்டில் காகிதங்கள் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சந்திக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும்.

"விசாரணைக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டு வரலாமாம்" என்றார் அண்ணை. "நீ வந்து சொல்லு, நீதான் எழுதினனி எண்டு."

நான் பார்ப்போம் என்றேன். என் விண்ணப்பமும் அதே பேர்னில், அதே கட்டடத்தில்தான் கிடந்தது. அரச படிவத்தில் பொய் எழுதியவன் என்று என் கோப்பிலும் ஒரு வரி ஏறினால்? இரண்டு நாட்கள் அண்ணையின் கண்ணில் படாமல் திரிந்தேன். அவர் வருகிற சத்தம் கேட்டால் குளிர்சாதன அறைக்குள் புகுந்து வெண்ணெய்ப் பெட்டிகளை எண்ணினேன். மூன்றாம் நாள் அவர் கதவைத் திறந்து, "உனக்குக் குளிரேல்லையோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்று அவர் கட்டிலை மாற்றிவிட்டார். அந்த வெறும் யன்னலோரத்தைப் பார்த்த பிறகுதான் வருகிறேன் என்று சொன்னேன். வீரமென்று யாரும் நினைக்கவேண்டாம். குளிரும் ஒரு காரணம்.

நேர் ரயில் வேண்டாம் என்றார். மலைக்குள்ளால் சுற்றிப் போகிற ரயிலில் போனோம்.

அறையில் ஒரு அதிகாரி, தட்டச்சு செய்கிற பெண், அரபு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் லெபனான்காரர். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, மிகவும் பண்பானவர். அவர் வாயைத் திறந்து ஒரு வணக்கம் சொன்னதும் அண்ணை கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"நான் ஜெர்மனிலேயே கதைக்கிறன்" என்றார்.

முதலில் என்னைக் கேட்டார்கள். ரயிலில் வரும்போது அருமையான ஒரு ஜெர்மன் பந்தி தயாரித்திருந்தேன். எல்லாம் போய், "அந்தப் பெட்டியில எழுதினது நான்" என்பது மட்டும் வந்தது.

"ஏன் எழுதினீர்கள்?"

"பகிடிக்கு."

ஜெர்மனில் அது ஐந்து எழுத்து. தட்டச்சில் ஐந்து சத்தம் கேட்டது. பகிடி விட்டு வாழ்ந்தவனுக்கு அதைவிட நீளமான ஐந்து சத்தம் இல்லை.

அதிகாரி தலையாட்டினார். பிறகு அண்ணை பக்கம் திரும்பினார். "சரி. இந்து இல்லை. அப்படியென்றால் நீங்கள் யார்?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. என் பொய்யை எடுத்தால் அந்த இடம் வெறுமையாகும், வெறுமையான பெட்டியை மறுபடி நிரப்பச் சொல்வார்கள் என்று யோசித்திருக்கவில்லை.

அண்ணை தனக்குத் தெரிந்த ஒரு டசின் வினைச்சொற்களோடு சொன்னார்.

"வாடகைக் காரில ஐஞ்சு பேர். வீதியில மறிச்சவை. ஐஞ்சு அட்டை குடுத்தம். மூண்டு அட்டை திரும்பி வந்தது. என்ரை வந்தது. எனக்குப் பக்கத்தில இருந்தவன்ரை வரேல்லை. பள்ளிக்கூடத்தில என்னோட ஒரே வாங்கில இருந்தவன். அவனையும் மற்றவரையும் இறக்கினவை. பிறகு..."

கொல்வதற்கு அடுக்களை ஜெர்மனில் சொல் கிடையாது. அவர் கையால் மேசைமேல் இரண்டு தட்டுகளை வைப்பதுபோல வைத்து, "முடிஞ்சுது" என்றார். சாப்பாடு தயாரானதும் எடுத்துப்போகச் சொல்லி நாங்கள் சமையலறையில் கத்துகிற சொல் அது.

"அடுத்த கிழமை அடுத்த சந்தியில மற்றப் பகுதி மறிச்சவை. அங்க குடுத்தா, என்ரை அட்டைதான் வராத அட்டை. அண்டைக்குக் கிழிச்சனான்."

"எந்தப் பகுதிக்கு நீங்கள் பயம் என்று தெரிந்தால்தான் நான் எழுதமுடியும்" என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் அல்ல. தானே எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் என்னையும் பார்த்தார்.

"உதைக் கேக்கிற ஆளுக்குத்தான் பயம்" என்றார்.

அதற்கென்று படிவத்தில் பெட்டி இல்லை.

ஏப்ரலில் மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். உருளைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில் நின்று வாசித்துச் சொன்னேன். என் பகிடிக்கு அதில் ஒரு வரிதான் கொடுத்திருந்தார்கள். மீதி முழுவதும் அவர் சொல்லாததைப் பற்றி. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மீதி வேறுவிதமாக இருந்திருக்குமா என்று அன்று யோசிக்கத் தொடங்கினேன். நாற்பது வருடமாகிறது, விடை வரவில்லை.

"இந்துவாலயோ?" என்று கேட்டார்.

"இருக்கலாம் அண்ணை."

அவர் கிழங்கொன்றைச் சீவி முடித்தார். "அந்த நாலு மாதமும் நல்லா நித்திரை கொண்டனான்" என்றார்.

கடிதத்தில் குறித்திருந்த நாளுக்கு இரண்டு வாரம் முந்தியே, ஒரு காலை வெளிக்கிட்டார். சிறிய பை. விடுதி வாசலில் என் கன்னத்தில் மூன்று தரம் கொஞ்சினார். ரயில் நிலையம் இடப்பக்கம். அவர் வலப்பக்கம் போனார். யன்னலோரக் கட்டிலை நான் எடுத்துக்கொண்டேன். குளிர் வரத்தான் செய்தது.

அடுத்த வருடம் சிவமும் நானும் கதைப்பதை நிறுத்தினோம். அவன் ஒரு இயக்கத்தின் பக்கம். நான் ஒரு பக்கமும் இல்லை என்றேன். அதுவும் ஒரு பக்கம்தான் என்றான். இரண்டு பேரும் ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவினோம், அவன் கரண்டிகளை என்னிடம் தரமாட்டான், மேசையில் வைப்பான், நான் எடுப்பேன்.

லெபனானில் சண்டை முடிந்தது என்று செய்தியில் சொல்லிச் சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு கலியாணத்துக்காக, பிரெஞ்சு பேசும் பக்கத்திலுள்ள நொஷாட்டலுக்குப் போயிருந்தேன். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு லெபனான் சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் முன்பு ஜெர்மன் பேசும் பகுதியில் வேலை செய்தவர், நன்றாகக் கதைத்தார். வேறு வாடிக்கையாளர் இல்லை. இப்படி ஒருவர் லுசேர்ணில் இருந்தவர், தெரியுமா என்று கேட்டேன்.

"பேர்?"

"ஜோர்ஜ்" என்றேன். "ஹசன் எண்டும் சொல்லுவினம்."

ரொட்டி சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "ஒரே ஆளோ?"

"ஓம்."

கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். உதவி செய்ய மனமுள்ளவர், முகத்தில் தெரிந்தது. கடையில் நாங்கள் இருவர்தான், இருந்தும் குரலைத் தணித்தார்.

"அவர் எந்தப் பகுதி? அது தெரிஞ்சால்தான் ஆரிட்டை விசாரிக்கிறது எண்டு நான் பாக்கலாம்."

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. முன்பும் எழுதிக் கொடுத்த பதில்தான்.

"இந்து" என்றேன்.

அவர் சிரித்தார். "எங்கட நாட்டில எத்தனையோ வகை இருக்கு. இந்து எண்டு ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தர் இருந்தவர்" என்றேன். "நாலு மாதம்."